மைலோ டின்னில் ஸ்டெம் செல்

உயிரியல் படிக்கப் போகிறவருக்குக் கூடுதல் கணிதம் எதற்கு? பாயான் பாருவில் என்னிடம் டியூஷன் படிக்கும் நான்காம் படிவ மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கும் கேள்வி இது. இந்த ஆண்டு கேட்ட மாணவிக்கு ஸ்டெம் செல் ஆராய்ச்சியாளர் ஆக ஆசை. கூடுதல் கணிதத்தை விட்டுவிட ஏறக்குறைய முடிவே செய்திருந்தாள்.

அவளுக்கு 1961இல் டொரோண்டோவில் நடந்ததைச் சொன்னேன். எர்னஸ்ட் மெக்கல்லக் மருத்துவர். ஜேம்ஸ் டில் இயற்பியல் படித்தவர். கதிர்வீச்சுக்கு உள்ளான எலிகளுக்கு எலும்பு மச்சை அணுக்களைச் செலுத்தினார்கள். சில நாளில் மண்ணீரலில் சிறு சிறு கட்டிகள் தோன்றின. ஒவ்வொரு கட்டியும் ஒரே ஓர் அணுவின் வம்சம் என்பது பிறகு உறுதியானது. ஆனால் ஒரு புதிர். சில கட்டிகளுக்குள் புதிய ஸ்டெம் செல்கள் ஏராளம். சிலவற்றில் மிகச் சில. ஒரே வகை எலி, ஒரே வகை அணு, ஏன் இவ்வளவு வேறுபாடு?

1964இல் லூ சிமினோவிச்சும் சேர்ந்து, கணினியில் ஒரு சூதாட்டம் ஆடிப் பார்த்தார்கள். ஒவ்வொரு ஸ்டெம் செல்லும் 0.6 வாய்ப்பில் இரண்டு ஸ்டெம் செல்களாகும், 0.4 வாய்ப்பில் வேறு வகை அணுவாக மாறி, ஸ்டெம் செல்லாக இருப்பதை நிறுத்திவிடும். அவ்வளவுதான் விதி.

இதை வீட்டிலேயே ஆடலாம். காலி மைலோ டின்னில் பத்துச் சீட்டு: ஆறில் "இரண்டாகு", நான்கில் "மாறு". ஒவ்வோர் அணுவுக்கும் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். ஆறுக்கு நான்கு என்பதால் எப்போதும் பெருகும் என்று என் மாணவி அடித்துச் சொன்னாள். முதல் மூன்று வம்சமும் அழிந்தன. "டின் சரியில்லை சார்" என்றாள்! பிறகு மடிக்கணினியில், பைத்தான் மொழியில் இருபது வரி நிரல் எழுதிப் பத்தாயிரம் வம்சங்களை ஓட்டினோம். மூன்றில் இரண்டு பங்கு அழிந்தது. கணக்கும் அதையே சொல்கிறது: 0.4ஐ 0.6ஆல் வகுத்தால் 2/3. பிழைத்தவையோ வேகமாகப் பெருகின. விதி ஒன்றே, முடிவுகள்தான் பலவிதம். டொரோண்டோ எலிகளிலும் இதே சிதறல்தான் தெரிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மாதிரி ஒத்துப்போவதால் அணு உண்மையிலேயே தாயம் உருட்டுகிறது என்று ஆகாது. வேறொரு விதியும் அதே சிதறலைத் தரலாம். அதனால்தான் மாதிரிக்குப் பின் மறுபடியும் ஆய்வுக்கூடம் தேவைப்படுகிறது.

"ஐந்துக்கு ஐந்து வைத்தால்?" என்று அவள் கேட்டதுதான் நல்ல கேள்வி. அப்போது எல்லா வம்சமும் என்றாவது ஒருநாள் அழியும். அப்படியானால் நம் உடலில் ஸ்டெம் செல்கள் எப்படித் தீராமல் இருக்கின்றன? 2010இல் நெதர்லாந்தின் ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவும் கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் பெஞ்சமின் சைமன்ஸும் எலிக்குடலில் இதை ஆராய்ந்தார்கள். குடலின் நுண்குழி ஒவ்வொன்றின் அடியிலும் பதினைந்து அளவில் ஸ்டெம் செல்கள் உண்டு. அவற்றுக்குப் பல நிறங்கள் ஏற்றிக் கவனித்தார்கள். ஒன்று வெளியேறினால் பக்கத்து அணு இரண்டாகி அந்த இடத்தைப் பிடிக்கிறது. மொத்த எண்ணிக்கை மாறுவதில்லை. ஆனால் நிறங்கள் ஒவ்வொன்றாகத் தோற்று, சில மாதங்களில் பெரும்பாலான குழிகள் ஒரே நிறமாகிவிடுகின்றன. எந்த நிறம் வெல்லும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எத்தனை குழிகள் எவ்வளவு காலத்தில் ஒரே நிறமாகும் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லலாம்.