சிறு சரக்கு வண்டிகளுக்கு ஸ்பார்க் பிளக் தெரிந்தெடுத்தலும் மாற்றுதலும்

பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு முதலிய கொம்யூன்களில் விளையும் கீரை, காய்கறி, பூ ஆகியவை இக்காலத்தில் பெரும்பாலும் சிறு சரக்கு வண்டிகளிலேயே புதுச்சேரி நகரத்துச் சந்தைகளுக்கு வந்து சேருகின்றன. விடியற்காலையில் பெரிய மார்க்கெட்டுக்கு வந்து சேர வேண்டிய சரக்கு வெயில் ஏறிய பின் வருமாயின், அது அன்றைய நல்ல விலையை இழந்து விடும். உழவர் பாடுபட்டு விளைவித்த பொருளின் லாபம் இவ்வாறு வழியிலேயே கரைந்து போவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் எளிதில் தடுக்கக்கூடியது ஸ்பார்க் பிளக்கின் கோளாறு ஆகும். கட்டை வண்டிக்குக் கடையாணி எப்படியோ, பெட்ரோல் எஞ்சினுக்குப் பிளக் அப்படி. பொருள் சிறிது, அது தவறினால் வரும் நஷ்டம் பெரிது.

எந்த வண்டிக்குப் பிளக் உண்டு?

முதலாவதாக, எல்லாச் சரக்கு வண்டிகளுக்கும் ஸ்பார்க் பிளக் இல்லை என்பதை அறிதல் வேண்டும். டீசல் எஞ்சினில் காற்று மிகுதியாக அழுத்தப்பட்டு அதனால் உண்டாகும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக் கொள்வதால், அங்கே தீப்பொறிக்கு அவசியமில்லை. நம் ஜனங்கள் குட்டி யானை என்று அழைக்கும் டாட்டா ஏஸ் வண்டி 2005-ஆம் ஆண்டில் இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினுடன் வெளிவந்தது. அவ்வகை வண்டிக்கு இக்கட்டுரை பொருந்தாது. பிற்பாடு வந்த ஏஸ் கோல்டு பெட்ரோல் வண்டிக்கும், மாருதி சுஸுகி சூப்பர் கேரி பெட்ரோல் வண்டிக்கும், இயற்கை எரிவாயுவில் ஓடும் வண்டிகளுக்கும் பிளக் உண்டு. ஏஸ் பெட்ரோல் எஞ்சினுக்குச் சிலிண்டர் இரண்டே. ஆகவே ஒரு பிளக் தவறினால் பாதிப் பலம் போய்விடும். நான்கு சிலிண்டர் உள்ள சூப்பர் கேரியில் கால் பங்கு பலம் குறையும். பாரத்துடன் பாலம் ஏறும்போது எஞ்சின் மிஸ் அடிப்பதும், குலுங்குவதும், பெட்ரோல் கூடுதலாய்ச் செலவாவதும் இதன் அறிகுறிகளாகும்.

பிளக்கின் தொழில்

சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட பெட்ரோலும் காற்றும் கலந்த கலவைக்குத் தீ மூட்டுவதே பிளக்கின் தொழில். நடுக்கம்பிக்கும் ஓரக்கொக்கிக்கும் இடையேயுள்ள ஒரு மில்லிமீட்டர் அளவான சந்தின் குறுக்கே பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் பாய்ந்து பொறி உண்டாகிறது. எஞ்சின் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றுமாயின், ஒவ்வொரு பிளக்கும் நிமிஷத்துக்கு 1,500 முறை பொறி விட வேண்டும்; அரைமணி நேரப் பிரயாணத்தில் அது 45,000 முறையாகிறது. இவ்வளவு உழைப்பில் நுனி தேய்ந்து சந்து அகலுவது இயற்கையே. சந்து அகல அகல, அதைத் தாண்டுவதற்கு அதிக மின்னழுத்தம் வேண்டியிருப்பதால், மின்சுருளும் வீணே வருந்தும்.

மின்பொறியால் எரியும் எஞ்சினைப் பாரிஸ் நகரில் லெனுவார் என்பவர் 1860-ஆம் ஆண்டில் செய்தார். ஜெர்மனியில் பாஷ் தொழிற்சாலை 1902-ஆம் ஆண்டில் உயர் மின்னழுத்த மாக்னெட்டோவையும் அதற்கேற்ற பிளக்கையும் கொண்டுவந்த பின்னரே மோட்டார் வண்டி நம்பத்தக்கதாயிற்று. 1954-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி வரை நம் புதுச்சேரியை ஆண்ட பிரெஞ்சுக்காரர் தம் மொழியில் பிளக்கைப் 'பூஜி' என்பர். அதற்கு மெழுகுவர்த்தி என்று பொருள். நல்ல திரி இல்லாத மெழுகுவர்த்தி புகைவது போலவே, தகாத பிளக்கும் கரியும் புகையும் விளைவிக்கும்.

தெரிந்தெடுக்கும் முறை

விலை மலிவையோ, கடைக்காரர் கையில் அப்போது இருப்பதையோ கொண்டு பிளக் வாங்கலாகாது. வண்டியுடன் வந்த கையேட்டில் குறித்துள்ள எண்ணை எழுதிக்கொண்டு சென்று அதையே கேட்டல் வேண்டும். கவனிக்க வேண்டியவை பின்வருமாறு:

1. மரையின் குறுக்களவு. 10, 12, 14 மில்லிமீட்டர் என வகைகள் உண்டு.

2. மரையின் நீளம். நீளம் குறைந்தால் பொறி உள்ளடங்கி நின்று, மரைப்பள்ளத்தில் கரி சேரும். நீளம் மிகுந்தால் பிஸ்டன் வந்து மோதி எஞ்சினுக்கே கேடு உண்டாகும்.

3. அமரும் விதம். சில பிளக்குகள் வாஷருடன் தட்டையாய் அமரும். சில வாஷரின்றிக் கூம்பாய் அமரும். ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது.

4. வெப்ப நிலை. இதுவே அநேகர் தவறும் இடம். பிளக்கின் நுனி ஏறக்குறைய 450 டிகிரி முதல் 850 டிகிரி சென்டிகிரேட் வரை சூடாக இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் படியும் கரி எரிந்து நீங்காது. மிஞ்சினால் பொறி விழுமுன்னரே கலவை தானாகப் பற்றி, பிஸ்டன் உருகவும் கூடும். இந்நிலையைக் காட்டவே பிளக்கின் மேல் ஓர் எண் பொறிக்கப்படுகிறது. என்.ஜி.கே., டென்ஸோ கம்பெனிகளின் பிளக்குகளில் எண் ஏற ஏற, அது சூட்டை விரைவில் வெளியேற்றும் குளிர்ந்த பிளக் ஆகும். பாஷ், சாம்பியன் பிளக்குகளில் எண் ஏற ஏற, சூடான பிளக் ஆகும். ஆகையால் ஒரு கம்பெனியின் எண்ணைப் பார்த்து மற்றொரு கம்பெனியில் அதே எண்ணை வாங்குவது, ஒரு நெல் ரகத்தின் வயதை வேறொரு ரகத்துக்குக் கணக்கிட்டு அறுவடை செய்வதற்கு ஒப்பாகும். கம்பெனி மாற்ற நேர்ந்தால், இரண்டுக்கும் ஒப்புமை காட்டும் அட்டவணையைக் கடையில் கேட்டுப் பார்த்தே வாங்குக.

5. நுனியின் உலோகம். நிக்கல் நுனி மலிவு, சீக்கிரம் தேயும். இரிடியம், பிளாட்டினம் நுனிகள் விலை கூடினும் பலமடங்கு நாள் உழைக்கும். கையேடு இரிடியம் என்று விதித்திருக்க நிக்கல் போட்டால், மாற்றும் தவணையையும் அதற்கேற்பக் குறைத்துக் கொள்ள வேண்டும்.

போலிச் சரக்கும் சந்தையில் உண்டாகையால், ரசீது தரும் கடையிலேயே வாங்குதல் நலம்.

பழைய பிளக் சொல்லும் சாட்சி

கழற்றிய பிளக்கை உடனே எறிந்துவிடலாகாது. இலையின் நிறத்தைக் கண்டு பயிரின் குறையை அறிவது போல, பிளக்கின் நுனியைக் கண்டு எஞ்சினின் குறையை அறியலாம். வெளிர் பழுப்பு நிறமாயின் எஞ்சின் நலமாயுள்ளது. உலர்ந்த கருங்கரி படிந்திருந்தால், காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். அல்லது பெட்ரோல் மிகுதியாகப் பாயலாம். அல்லது பிளக் அளவுக்கு மேல் குளிர்ந்த வகையாய் இருக்கலாம். ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் காணப்பட்டால், பிஸ்டன் வளையமோ வால்வு ஸீலோ தேய்ந்ததென்று கொள்க. வெளுத்துக் கொப்புளித்திருந்தால் எஞ்சின் மிகச் சூடாகிறது. ரேடியேட்டர் நீரையும் பிளக்கின் எண்ணையும் உடனே பரிசோதிக்க. இக்குறைகளை நீக்காமல் பிளக்கை மாத்திரம் மாற்றுவது வேரில் புழு இருக்க இலைக்கு மருந்து தெளிப்பதாகும்.

மாற்றும் முறை

எஞ்சின் நன்கு ஆறிய பின்னரே வேலை தொடங்க வேண்டும்; சூடான அலுமினியத் தலையில் மரை எளிதில் கெடும். மேற்சொன்ன வண்டிகளில் எஞ்சின் இருக்கையின் கீழ் இருப்பதால், வயற்புழுதி பிளக்கைச் சுற்றிச் சேர்ந்திருக்கும். அதைக் காற்றடித்து நீக்கிய பின்னரே கழற்றுக. இல்லையேல் மண் சிலிண்டருக்குள் விழும். வயரைப் பிடித்து இழுக்காமல் மூடியைப் பிடித்து எடுத்து, ஒரு சமயத்தில் ஒரு பிளக்கை மாத்திரம் கழற்றுக. புதிய பிளக்கின் சந்தைப் பீலர் கேஜ் கொண்டு கையேட்டின் அளவுக்குச் சரிபார்க்க. இரிடியம் நுனியைக் கம்பித் தூரிகையால் தேய்த்தலும், நெம்புதலும் கூடாது.

புதிய பிளக்கை முதலில் கையாலேயே திருகுதல் வேண்டும். ஒரு துண்டு ரப்பர் குழாயை அதன் தலையில் மாட்டித் திருகினால், மரை கோணலாய் ஏறுமிடத்துக் குழாய் வழுக்கி எச்சரிக்கும். கையால் முடிந்தமட்டும் இறுகிய பின், புது வாஷர் உள்ள 14 மில்லிமீட்டர் பிளக்கை ஸ்பானரால் அரை முதல் மூன்றில் இரண்டு பங்குச் சுற்றும், கூம்பு வகையைப் பதினாறில் ஒரு பங்குச் சுற்றும் இறுக்கினால் போதும். பலங்கொண்ட மட்டும் இறுக்குவது மரையை அறுத்து, சில நூறு ரூபாய் வேலையைப் பல ஆயிரம் ரூபாய் வேலையாக்கிவிடும்.

சில விசேஷக் குறிப்புகள்

எரிவாயுக் கலவையைப் பற்றவைக்க அதிக மின்னழுத்தம் வேண்டியிருப்பதால், அவ்வண்டிகளில் பிளக் விரைவில் தேயும். தவணையைக் கண்டிப்பாய் அனுசரிக்க. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் பிளக் மூடிகளின் ரப்பரில் விரிசல் உண்டா எனப் பார்ப்பது அவசியம். கடற்கரையோர ஊர்களில் உப்புக்காற்றால் பிளக்கின் இரும்புப் பாகம் துருவேறும் என்பதையும் மறத்தலாகாது. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் அமலான பி.எஸ்.-6 விதிப்படி வந்த வண்டிகளில், மிஸ் அடிக்கும் எஞ்சினை அப்படியே ஓட்டினால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள காடலிடிக் கன்வெர்ட்டருக்குள் சென்று எரிந்து அதைப் பாழாக்கும். பிளக்கின் விலையையும் கன்வெர்ட்டரின் விலையையும் ஒப்பிட்டுப் பார்ப்பவர் தாமதம் செய்யமாட்டார்.

பெட்ரோல் பவர் வீடருக்கும் விசைத் தெளிப்பானுக்கும் இவ்விதிகள் யாவும் பொருந்தும். பொது உபயோகத்துக்கு இயந்திரங்களை வாடகைக்கு விடும் சங்கத்தாரும், அவற்றை மேற்பார்க்கும் கிராம அதிகாரிகளும், ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, பிளக்கின் எண், மாற்றிய தேதி, ஓடிய கிலோமீட்டர் அல்லது மணி, பழைய பிளக்கின் நிறம் ஆகிய நான்கையும் பதிந்து வருவாராக. வண்டி வைத்திருக்கும் உழவர்களும் அவ்விதமே செய்து, சரியான எண்ணுள்ள மாற்றுப் பிளக்குகளையும் ஒரு பிளக் ஸ்பானரையும் இருக்கையின் கீழ் எப்பொழுதும் வைத்திருத்தல் நன்மை பயக்கும்.