மகனுக்கு மனம் சுகமில்லை என்றால் முதலில் எங்கே போவது?

அஸர் தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒரு வாப்பா பள்ளியின் தூணோரம் நின்றுகொண்டிருந்தார். "உஸ்தாதே, மோனுக்குக் கொஞ்சம் தண்ணி ஓதித் தரணும்" என்றார். மகனுக்கு வயது 26. சவூதியில் வேலை பார்த்துவிட்டுப் பாதியில் ஊர் திரும்பியவன். இரவில் தூங்குவதில்லை, அறைக் கதவைத் திறப்பதில்லை, பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்கிறான். நாம் ஓதிக் கொடுத்தோம். துஆவும் செய்தோம். இன்ஷா அல்லாஹ் சரியாகிவிடும் என்று ஆறுதல் சொன்னோம். டாக்டரிடம் காட்டினீர்களா என்று மட்டும் கேட்கவில்லை. எட்டு மாதம் கழித்துத்தான் அந்தக் குடும்பம் மருத்துவமனைக்குப் போனது. அதற்குள் தாயத்துக்கும் தகட்டுக்குமாக உம்மாவின் வளையல்கள் போய்விட்டன. வீணான அந்த எட்டு மாதத்தில் நமக்கும் பங்கு உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நோய் வந்தால் மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அதில் உடல் நோய், மன நோய் என்ற பிரிவினை இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டில் பிறந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலத்தையும் மனத்தின் நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணமே தெரியாமல் உள்ளிருந்து வரும் துக்கம் வேறு என்று அவர் அன்றே பிரித்துக் காட்டினார். 1284-ல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குத் தனி இடம் இருந்தது. ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சர்க்கரை நோயாளிக்கு ஓதிக் கொடுத்துவிட்டு மாத்திரையை நிறுத்து என்று எந்த ஆலிமும் சொல்வதில்லை. மன நோய்க்கு மட்டும் ஏன் சொல்கிறோம்?

இதற்கு நம் சமுதாயம் கொடுத்த விலை சிறிதல்ல. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவை ஒட்டி நடந்த தனியார் காப்பகம் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள், ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் அவர்களை வெறுத்தவர்கள் அல்ல. எங்கே போவது என்று தெரியாத வாப்பாக்களும் உம்மாக்களும் அண்ணன்மார்களும்தான், எல்லா மதத்தவரும் அதில் உண்டு. உச்ச நீதிமன்றம் தானாகவே இந்த வழக்கைக் கையில் எடுத்தது. பின்னர் ஏர்வாடியிலேயே, துஆவோடு தவாவும் கிடைக்கும்படி அரசு மனநல மருத்துவச் சேவை வந்தது. இன்று நடைமுறையில் இருக்கும் 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக் கூடாது என்று சொல்கிறது. வீட்டுக் கட்டில் காலில் கட்டி வைப்பதற்கும் அதில் விதிவிலக்கு கிடையாது.

சரி, நம் மாவட்டத்தில் எங்கே போவது? நாகர்கோவில் ஆசாரிபள்ளத்தில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. திருவிதாங்கோடு, தேங்காப்பட்டணம், குளச்சல் பக்கத்தவர்கள் முதலில் தக்கலையில் உள்ள அரசு மருத்துவமனையில் விசாரிக்கலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறித்த நாட்களில் வருவது வழக்கம். எந்த ஊருக்கு எந்தக் கிழமை என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 104 என்ற எண்ணிலோ கேட்டுக்கொள்ளலாம். பழைய திருவிதாங்கூர் வழக்கத்தில் நம் பெரியவர்கள் யாரையாவது கேலி செய்ய வேண்டுமானால் "ஊளம்பாறைக்கு அனுப்பணும்" என்பார்கள். திருவனந்தபுரத்து மனநல மருத்துவமனை இருக்கும் இடம் அது. அந்தக் கேலிதான் இன்றும் பல பெற்றோரை ஆசாரிபள்ளம் பஸ்ஸில் ஏறவிடாமல் தடுக்கிறது. யாராவது பார்த்துவிட்டால் என்ன சொல்வது என்ற பயம். அது பெரிய மருத்துவமனை. காய்ச்சலுக்கும் கால் வலிக்கும் போகிறவர்கள் நிற்கும் அதே வாசல்தான்.

வீட்டை விட்டு இறங்கவே முடியாத நிலை என்றால் 14416 என்ற இலவச எண்ணுக்குப் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் சேவை அது, 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவும் பகலும் தமிழில் பேசுவார்கள். நோயாளிதான் பேச வேண்டும் என்றில்லை. "மகன் இப்படி இருக்கிறான், என்ன செய்வது" என்று உம்மாவும் கேட்கலாம்.

செலவைப் பற்றிய பயம் பலருக்கு. அரசு மருத்துவமனையில் டாக்டரைப் பார்ப்பதும் அங்கு தரும் மாத்திரைகளும் இலவசம். டாக்டர் எழுதும் மாத்திரை அங்கே இல்லாமல் போனால், மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் பெயர் பலகை கம்பெனி இல்லாத அதே மருந்தைக் குறைந்த விலைக்குக் கேட்டுப் பாருங்கள். முதல் தடவை போகும்போது மூன்று விஷயங்களைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போவது நல்லது: எப்போதிலிருந்து மாற்றம், தூக்கம் எத்தனை மணி நேரம், இதுவரை சாப்பிட்ட மருந்துகள். நாட்டு மருந்தும் தூக்க மாத்திரையும் இருந்தால் அதையும் மறைக்காதீர்கள். தைராய்டு போன்ற உடல் கோளாறும் மனச்சோர்வைப் போலத் தோன்றும் என்பதால் இரத்தப் பரிசோதனை கேட்டால் சலித்துக்கொள்ள வேண்டாம். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். பத்தாம் நாளில் ஒன்றும் மாறவில்லை என்று நிறுத்துகிறவர்கள் ஒரு பக்கம், மூன்று மாதத்தில் குணமாகிவிட்டது என்று தாங்களாகவே நிறுத்துகிறவர்கள் இன்னொரு பக்கம். நோய் திரும்பி வருவது பெரும்பாலும் இந்த இரண்டாமவர் வீட்டில்தான்.

இனிமேல் சொல்வதுதான் சிரமமானது. மகனோ மகளோ 18 வயதைக் கடந்துவிட்டால், சிகிச்சைக்குச் சம்மதிப்பது அவர்களின் உரிமை. நாம் மேலே சொன்ன வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? முதல் மாதம் மாத்திரையைப் பொடித்து டீயில் கலந்து கொடுத்தார்கள். ஒரு நாள் கோப்பையின் அடியில் வெள்ளைப் பொடியைப் பார்த்துவிட்டான். யாரோ தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்று ஏற்கெனவே சந்தேகப்பட்ட பிள்ளை. அதன் பிறகு உம்மா கையால் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கவில்லை. வாரக்கணக்கில் கடையில்தான் சாப்பிட்டான்.

அதற்குப் பதில், "உனக்குப் பைத்தியம்" என்று சொல்லாமல், "தூக்கம் வரவில்லை என்கிறாயே, அதற்கு ஒரு டாக்டரைப் பார்ப்போமா" என்று அவனே சிரமப்படும் விஷயத்திலிருந்து தொடங்குங்கள். அவன் கேட்கும் குரல் காக்காவுடையதாக இருக்கலாம், தாய்மாமாவுடையதாக இருக்கலாம், கூட்டாளியுடையதாகவும் இருக்கலாம். அவர்களைப் பேசச் சொல்லுங்கள். டாக்டர் அறைக்குள் அவன் தனியாகப் பேச விரும்பினால் வெளியே உட்காருங்கள். தினமும் மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்குச் சில வாரங்களுக்கு ஒரு தடவை போடும் ஊசியும் உண்டு. அது பொருந்துமா என்று அவனை வைத்துக்கொண்டே கேளுங்கள்.

தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை வந்தால் சட்டம் வழி விட்டிருக்கிறது. அவனுடைய பிரதிநிதியாக வாப்பாவோ உம்மாவோ விண்ணப்பிக்கலாம். மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்து ஒத்துக்கொண்டால், அவன் சம்மதம் இல்லாமலும் முதலில் 30 நாள் வரை உள்நோயாளியாகச் சேர்க்கலாம். அது முடிவெடுக்கும் திறன் குறைந்திருக்கும் காலத்துக்கு மட்டுமே. "சாகப்போகிறேன்" என்ற பேச்சை மிரட்டல் என்று தள்ளாதீர்கள். நரகத்தைச் சொல்லிப் பயமுறுத்தவும் வேண்டாம். வீட்டில் இருக்கும் பூச்சி மருந்தையும் மாத்திரைப் பெட்டியையும் எடுத்து அப்புறப்படுத்திவிட்டு, அன்றே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று தயங்க வேண்டாம். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதி, தண்டிக்காமல் சிகிச்சை தர வேண்டும் என்பதுதான் 2017 சட்டத்தின் நிலை.

"ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்" என்று யோசனை சொல்பவர்கள் நம் ஊர்களில் குறைவில்லை. தலாக், குலா பஞ்சாயத்தில் உட்காரும் நாம் அதன் முடிவையும் பார்க்கிறோம். நோயை மறைத்து இன்னொரு வீட்டுப் பெண்ணை அழைத்து வருவது ஏமாற்று. அதை எந்த மஸ்லஹத்தும் ஹலாலாக்காது.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வார்த்தை. பெற்றோர் தங்கள் ஜகாத்தைச் சொந்தப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. ஆனால் ஏழைக் குடும்பமாக இருந்தால் பைத்துல்மாலிலிருந்து மருந்துக்கும் பஸ் செலவுக்கும் கொடுக்கலாம். கண்ணீர் விட்டுக் கேட்கும் வரை காத்திருக்காமல், மருத்துவச் சீட்டைக் காட்டினால் போதும், பெயரை வெளியிட மாட்டோம் என்று அறிவித்துவிடுங்கள். நோய் நீடித்துத் தினசரி வாழ்க்கையே முடங்கியவர்களுக்கு, 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி சான்றிதழும் தேசிய அடையாள அட்டையும் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று டாக்டர்கள் மதிப்பிட்டால் சலுகைகளுக்கு அது உதவும்.

ரமளான் வருமுன் நோன்பைப் பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். லித்தியம் சாப்பிடுபவர்களுக்கு உடலில் நீர் குறைந்தால் மருந்தின் அளவு இரத்தத்தில் ஏறி நஞ்சாகிவிடக் கூடும். நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகையை நாம் பறிக்க வேண்டாம்.

அந்தப் பிள்ளையும் வாப்பாவும் இப்போது மாதம் ஒரு தடவை காலையில் ஆசாரிபள்ளம் பஸ் ஏறுகிறார்கள். இரண்டு தடவை நாமும் கூடப் போனோம். மருத்துவச் சீட்டை இப்போது அவன்தான் கையில் வைத்திருக்கிறான்.