எஞ்சின் பட்டறையில் நேரம் மிச்சமாகும் இடங்கள்

பழைய எஞ்சினைச் சீராக்கும் பட்டறையில், மெஷின் இரும்பைக் கடையும் நேரம் குறைவுதான். கழுவுவது, அளப்பது, மெஷினில் ஏற்றி மையம் பிடிப்பது ஆகியவற்றில்தான் பொழுது கரைகிறது. வரிசை தப்பினால் ஒரே வேலையை இரண்டு தடவை செய்ய நேரும்.

கழற்றும்போதே குறியிட வேண்டும். மெயின் பேரிங் கேப்கள் பிளாக்கோடு சேர்த்துக் கடையப்பட்டவை; இடம் மாறினாலோ திசை திரும்பினாலோ துளையின் வட்டம் சரியாக அமையாது. கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் அப்படித்தான். எண் பஞ்ச் கொண்டு அப்போதே குத்திவிட்டால், பிறகு ஜோடி தேடி அலைய வேண்டியதில்லை.

கழுவிய கையோடு விரிசல் பார்ப்பது அடுத்த வேலை. இரும்பு பிளாக்குக்குக் காந்தத் துகள் சோதனை, அலுமினிய ஹெட்டுக்கு நீரில் அமிழ்த்திக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்க்கும் சோதனை. கடைந்து முடித்த பிறகு விரிசல் தெரிந்தால் அதுவரை பட்ட பாடு வீண்.

சுடுநீரில் கழுவிய பிளாக்கை உடனே அளக்கக் கூடாது. 100 மி.மீ. விட்டமுள்ள வார்ப்பிரும்பு சிலிண்டர், வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் சுமார் 0.01 மி.மீ. விரியும். மாலையில் கழுவி வைத்துக் காலையில் அளந்தால், ஆறுவதற்கெனத் தனியாகக் காத்திருக்க வேண்டாம்.

சிலிண்டரில் தேய்மானம் அதிகம் இருப்பது மேல் ரிங் திரும்பும் இடத்தில். போர் கேஜை முதலில் அங்கே வைத்துக் குறுக்கிலும் நெடுக்கிலும் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும். தேய்மானம் 0.30 மி.மீ. என்றால் 0.25 ஓவர்சைஸ் போதாது; 0.50 பிஸ்டன்தான் வாங்க வேண்டும். பிஸ்டன் கைக்கு வந்து, அதை மைக்ரோமீட்டரில் அளந்த பிறகே போரிங் தொடங்குவது நல்லது. ரிங் உரசாத பகுதியில் மையம் பிடித்தால் பழைய நேர்கோடு மாறாது. ஹோனிங்குக்கு 0.05 முதல் 0.08 மி.மீ. வரை விட்டால் போதும். அதற்கு மேல் விட்டால் கல்லும் தேயும், நேரமும் போகும்.

இறுகிப்போன உலர் லைனரை அடித்துப் பெயர்ப்பதைவிட, உட்சுவரில் மேலிருந்து கீழாக ஒரு வெல்டிங் கோடு இழுப்பது சுலபம். ஆறும்போது லைனர் சுருங்கிப் பிடி விடும்.

நான்கு சிலிண்டர் கிராங்கில் 1, 4 பின்கள் ஒரே கோட்டில் இருக்கும். 2, 3 பின்கள் அதற்கு நேர் எதிரே. முதல் ஜோடியை ஒரே செட்டிங்கில் கிரைண்ட் செய்துவிட்டுக் கிராங்கை 180 டிகிரி திருப்பினால் மறு ஜோடி தயார். வரிசை எண்படி போனால் செட்டிங்கை ஒரு தடவை கூடுதலாக மாற்ற வேண்டும்.

ஹெட்டில் வால்வ் கைடு முதலில், சீட் பிறகு. சீட் கட்டரின் பைலட் கைடுக்குள் நிற்பதால், பிற்பாடு கைடை மாற்றினால் சீட்டை மறுபடியும் வெட்ட வேண்டிவரும். பூட்டியதும் போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றினால் கசிவு அங்கேயே தெரிந்துவிடும்.

கடைசி வேலை, ஹோன் செய்த சிலிண்டரைச் சோப்பு, சுடுநீர், பிரஷ் கொண்டு தேய்த்துக் கழுவுவது. மண்ணெண்ணெய் மட்டும் கல்துகளை முழுதாக எடுக்காது. எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி கறுக்காமல் வர வேண்டும். தங்கிய துகள் புது ரிங்கைத் தின்றுவிடும். அதே எஞ்சின் மீண்டும் பட்டறைக்கு வரும்.