அடைபட்ட நாடியும் கிளைவழிக் குருதியும்

பாரிசவாதம் வந்துவிட்டால் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கருதுவது நம்மவரிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். மெல்பேர்ண் வைத்தியர்களின் ஆய்வொன்று இந்த எண்ணத்தைப் பொய்ப்பித்திருக்கிறது.

மூளையின் பெரிய நாடியொன்றைக் குருதிக்கட்டி அடைத்ததும், அந்த நாடியை நம்பியிருந்த பகுதி முழுவதும் அக்கணமே இறந்துவிடுவதில்லை. நடுப்பகுதி விரைவில் இறக்கிறது. அதைச் சூழ்ந்த பகுதியோ, அயல் நாடிகளிலிருந்து நுண்ணிய கிளைவழிகளூடாக வரும் சிறிதளவு குருதியைக் கொண்டு, செயலிழந்தும் உயிர் தாங்கி நிற்கிறது. 1990களின் முற்பகுதியில் ஆனையிறவுப் பாதை மூடப்பட்டிருந்தபோது, குடாநாட்டு மக்கள் கிளாலிப் படகுகளில் போய்வந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். படகுகள் நெடுஞ்சாலைக்கு ஈடாகவில்லை. ஆயினும் போக்குவரத்து அற்றுப்போகாமல் காத்தன.

இக்கிளைவழிகள் எல்லோருக்கும் ஒரே அளவில் அமைவதில்லை. நன்கு அமைந்தவருக்குச் சில மணி நேரம் கிடைக்கிறது. ஏனையோருக்கு அந்த அவகாசம் இல்லை. முதுமையும் நீண்டகால உயர் இரத்த அழுத்தமும் இவற்றை நலிவிக்கின்றன.

றோயல் மெல்பேர்ண் வைத்தியசாலையின் புறூஸ் காம்பெல், பீற்றர் மிச்சல், ஸ்டீபன் டேவிஸ் முதலியோர் 2015 இல் வெளியிட்ட ஆய்வில் 70 நோயாளர் இடம்பெற்றனர். காப்பாற்றக்கூடிய மூளைப்பகுதி எஞ்சியிருப்பதை ஸ்கானில் கண்ட பின்னரே இவர்கள் தெரிவு செய்யப்பட்டனர். அனைவருக்கும் கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றப்பட்டது. பாதிப் பேருக்கு, தொடையிடுக்கு நாடியூடாக நுண்குழாய் செலுத்திக் கட்டியை வெளியே இழுத்தெடுக்கும் சிகிச்சையும் சேர்த்து அளிக்கப்பட்டது. 90 நாட்களின் பின்னர், மருந்து மட்டும் பெற்றோரில் நூற்றுக்கு 40 பேரே பிறர் துணையின்றி வாழக்கூடியவராயிருந்தனர். இரு சிகிச்சைகளையும் பெற்றோரில் 71 பேர்.

எனினும், நாடி திறந்தவர் எல்லோரும் எழுந்து நடப்பதில்லை. அது திறக்கும்வரை கிளைவழிகள் எவ்வளவு மூளையைக் காத்து வைத்திருந்தன என்பதிலேயே மீட்சி பெரிதும் தங்கியுள்ளது. அந்த அவகாசத்தை நாம் வீட்டிலேயே கழித்துவிட்டால் எந்த வைத்தியசாலையாலும் அதைத் திருப்பித் தர இயலாது.

நம் முதியோர் பலர், "கொஞ்சம் படுத்தெழும்பினால் சரியாகிவிடும்" என்பார்கள். நள்ளிரவில் பிள்ளைகளை எழுப்பத் தயங்குவார்கள். ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று அஞ்சுவார்கள். இத்தயக்கமே கொடியது. வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 000 ஐ அழையுங்கள். "அம்புலன்ஸ்" என்றும், பின்னர் "தமிழ்" என்றும் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். உணவோ, நீரோ, மாத்திரையோ கொடுக்காதீர்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்; வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.