மெக்சிகோவில் தயாரான கார்... அமெரிக்காவில் வரி எவ்வளவு? உதிரிபாகக் கணக்கு இதுதான்!

ஒரு கார் எந்த நாட்டுத் தயாரிப்பு? கம்பெனி பேரை மட்டும் வச்சு சொல்லிட முடியாது. உதிரிபாகங்கள் பல நாடுகளில் இருந்து வருகின்றன.

அமெரிக்கா, மெக்சிகோ, கனடா இடையிலான யுஎஸ்எம்சிஏ ஒப்பந்தம் 2020 ஜூலை 1-ல் அமலுக்கு வந்தது. காரின் மதிப்பில் 75% இந்த 3 நாடுகளுக்குள் உருவாகியிருக்க வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. முந்தைய நாஃப்டாவில் இது 62.5%. நிபந்தனைகளை நிறைவேற்றினால் சுங்க வரி கிடையாது.

2025 ஏப்ரலில் கணக்கு மாறியது. இறக்குமதி கார்களுக்கு அதிபர் ட்ரம்ப் 25% கூடுதல் வரி போட்டார். ஒப்பந்தத் தகுதி பெற்ற கார்களுக்கு ஒரு சலுகை: அமெரிக்க பாகங்களின் மதிப்பைக் கழித்துவிட்டு, மீதிக்கு மட்டும் வரி.

உதாரணமா, 30,000 டாலர் மெக்சிகோ காரில் 12,000 டாலர் அமெரிக்க பாகங்கள்னு வைங்க. மீதி 18,000 டாலருக்கு 4,500 டாலர் வரி.

ஆக, மெக்சிகோ தொழிலாளி செய்த பாகம் ஒப்பந்தத்தில் உள்நாட்டுச் சரக்கு. இந்த வரிக்கு மட்டும் வெளிநாட்டுச் சரக்கு!