ஜீப் மேல் கட்டில் ஏறுகிறது: கயிறா, பெல்ட்டா?

- நமது திருவனந்தபுரம் நிருபர்

போனக்காட்டில் ஒரு குடும்பம் மலையிறங்குகிறது. லயத்து வாசலில் ஜீப் நிற்கிறது. கேரியர் மேல் ஒரு மரக் கட்டில், ஒரு பிளைவுட் கதவு, சுருட்டிய மெத்தை, தையல் மிஷின். கீழே நாலு பேர் நின்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். மேலே நின்று கயிறு இழுக்கும் ஓட்டுநர் அண்ணாச்சி ஒருவர் பேச்சையும் காதில் வாங்கவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில், அகஸ்தியர்கூடத்தின் அடிவாரத்தில் இருக்கிறது போனக்காடு. வெள்ளைக்காரர் காலத்துத் தேயிலைத் தோட்டம். தொழிற்சாலை பூட்டிக் கிடக்கிறது. தமிழகத்திலிருந்து வந்து கொழுந்து பறித்தவர்களின் மக்களும் பேரப்பிள்ளைகளும் இன்னும் சில லயங்களில் இருக்கிறார்கள். பலர் வேலை தேடி இறங்கிவிட்டார்கள். இறங்குகிறவர் ஒவ்வொருவரும் எடுத்துப் போவது ஒரு ஜீப் பாரம் சாமான்தான். ஒரு ஆயுள் உழைப்பு முழுவதும் அந்தக் கேரியர் மேல் ஏறுகிறது. அதைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரு கயிறு.

ரயில்வே பார்சல் கவுண்டரில் பன்னிரண்டு வருஷமாகக் கட்டுகளைப் பார்த்து வருகிறவன் நான். ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்குப் புத்தி வந்தது பார்சல் ஆபீசில் அல்ல, நடுரோட்டில்.

நான் பட்ட பாடு

சில வருஷங்களுக்கு முன் வீடு மாற்றி நாகர்கோவிலுக்குச் சாமான் கொண்டு போனேன். வேன் மேல் ஒரு கட்டில் பலகை. புதுக் கயிறு, நானே நின்று கட்டியது. பாறசாலை தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. அரை மணி கழித்து ஒரு வளைவில் தலைக்கு மேல் 'சர்' என்று சத்தம். பலகை சறுக்கிப் பின்னால் ரோட்டில் விழுந்தது. பின்னால் ஸ்கூட்டரில் ஒருவர், முன்னே நின்றபடி அவருடைய சிறு மகள். அவர் வண்டியை ஒடித்துத் திருப்பி மண்ணில் நிறுத்தினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அந்தப் பார்வை இன்றும் மறக்கவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், கயிறு அறுந்திருக்கவில்லை. முழுதாக, தொளதொளவென்று கேரியரில் தொங்கிக்கொண்டிருந்தது.

போனக்காட்டில் இதைச் சொன்னபோது ஜீப் அண்ணாச்சி சிரித்தார். "கயிறு அறுந்து சாமான் விழுந்ததை நான் பார்த்ததே இல்ல சார். தளர்ந்துதான் விழும். எல்லாரும் கடையில போய் 'கெட்டியா ஒரு கயிறு குடு'ன்னு கேக்கான். தளராத கயிறு குடுன்னு எவனும் கேக்கறதில்ல."

இந்தக் கட்டுரையில் சொல்ல வந்ததும் அதுதான்.

எந்தக் கயிறு?

கயிற்றுக் கடையில் "நைலான் கயிறு" என்று கேட்டால் பளபளவென்று நீலத்திலும் மஞ்சளிலும் ஒரு கயிறு தருவார்கள். அதில் பெரும்பாலானவை நைலானே அல்ல. பாலிப்ரொப்பிலின் போன்ற வேறு பிளாஸ்டிக். ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் அது நைலான் இல்லை. நைலான் மூழ்கும். இந்த மிதக்கும் கயிறு விலை மலிவு, தண்ணீரும் குடிக்காது. ஆனால் வழுவழுப்பு. முடிச்சு தானாக நழுவும். வெயிலில் மாதக்கணக்கில் கிடந்தால் நார் பொடிப்பொடியாக உதிரும்.

அசல் நைலான் பலமானது. ஆனால் இழுத்தால் நீளும். நனைந்தால் இன்னும் இளகும். வண்டியை இழுப்பதற்கு இந்த நீளும் குணம் நல்லது, சாமான் கட்டுவதற்கு ஆகாது. பாட்டரி ஆசிட் பட்டாலும் நைலான் கெட்டுவிடும்.

கயிறு தேங்காய் நாரானாலும் சணலானாலும் முடிச்சு நன்றாகப் பிடிக்கும். ஆனால் வழியில் தளரும். அடிக்கடி இறங்கிப் பார்க்கத் தயாராக இருப்பவருக்கே அது சரி.

சைக்கிள் டியூபை நீளமாகக் கிழித்துக் கட்டுவதும், இரண்டு பக்கமும் கொக்கி வைத்த ரப்பர் கயிறும் நம்மவருக்குப் பழக்கம். பைக்கின் பின்னால் சோற்று வாளி கட்ட அது போதும். கட்டிலுக்குப் போதாது. இழுத்து மாட்டும்போது கை தவறினால் அந்தக் கொக்கி நேரே கண்ணைப் பார்த்து வரும். பார்வை போனவர்கள் உண்டு.

மிஞ்சுவது பாலியஸ்டர் பட்டை, அதாவது பெல்ட். நீளுவது மிகக் குறைவு. மழையில் நனைந்தாலும் இளகாது. வெயிலையும் ஓரளவு தாங்கும். மேலே சாமான் கட்ட இதற்கு ஈடு இல்லை.

பெல்ட்டில் இரண்டு வகை

பட்டையை இழுத்ததும் பல் வைத்த பக்கிள் கவ்விப் பிடிப்பது ஒரு வகை. கேம் பக்கிள் என்பார்கள். கையால் இழுக்கும் பலம்தான் அதன் பலம். மற்றது ராட்செட் பெல்ட். பிடியை ஆட்ட ஆட்டப் பல்சக்கரம் திரும்பி இறுக்கிக்கொண்டே போகும். லாரிகளில் பார்த்திருப்பீர்கள்.

ராட்செட்தான் உசத்தி என்று நினைக்கத் தோன்றும். எப்போதும் அப்படியில்லை. பாய்மரப் பலகை என்று ஒரு கடல் விளையாட்டு இருக்கிறது. பலகை மேல் நின்று, கையில் பாய் பிடித்துக் காற்றோடு ஓடுவார்கள். அமெரிக்காவில் 1960-களில் பிறந்து 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இடம் பிடித்தது. அந்தப் பலகையை அவர்கள் கார் மேல் கட்டித்தான் கடற்கரைக்குக் கொண்டு போகிறார்கள். உள்ளே நுரை, மேலே மெல்லிய ஓடு. ராட்செட்டை ஒரு பல் அதிகம் தள்ளினால் ஓடு நொறுங்கும். அதனால் அவர்கள் கேம் பக்கிளையே நம்புகிறார்கள். பக்கிள் பலகையை உரசாதபடி அடியில் துணியோ ரப்பரோ வைக்கிறார்கள்.

நம் பிளைவுட் கதவுக்கும் தகரப் பீரோவுக்கும் இதே நியாயம்தான். நசுங்கக் கூடியதற்குக் கேம் பக்கிள். தேக்குக் கட்டில், இரும்பு மிஷின் போன்றவற்றுக்கு ராட்செட்.

வாங்கும்போது பெல்ட்டில் தைத்த சீட்டைப் பாருங்கள். சீட்டே இல்லாவிட்டால் வேண்டாம். ஐரோப்பிய முறைப்படி செய்ததானால் பாலியஸ்டருக்கு நீலச் சீட்டு, நைலானுக்குப் பச்சை, பாலிப்ரொப்பிலினுக்குப் பழுப்பு. எல்.சி. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள எண்தான் அது தாங்கும் இழுவை. அதன் அளவு டெக்கா நியூட்டன். ஏறக்குறைய கிலோ என்றே வைத்துக்கொள்ளலாம். ஓரம் கிழிந்தாலோ தையல் விட்டாலோ அந்தப் பெல்ட்டுக்கு ஆயுள் முடிந்தது. முடிச்சுப் போட்டு ஒட்டுப்போடக் கூடாது.

காற்றும் பிரேக்கும்

பலகை, மெத்தை, கதவு போன்ற தட்டையான சாமானுக்குக் காற்றுதான் முதல் எதிரி. வண்டி வேகம் இரட்டித்தால் காற்றின் விசை நான்கு மடங்காகும். முன்முனை ஒரு விரற்கடை தூக்கினாலும் காற்று அடியில் புகுந்துவிடும். ஆகவே நடுவில் இரண்டு கட்டுப் போட்டால் போதாது. முன்முனையிலிருந்து வண்டியின் முன்பக்கத்துக்கு ஒரு கட்டு, பின்முனையிலிருந்து பின்பக்கத்துக்கு ஒரு கட்டு அவசியம்.

அடுத்தது பிரேக். திடீரென்று பிரேக் பிடிக்கும்போது, சாமானின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை அதை முன்னே தள்ளும் என்று வைத்தே கட்ட வேண்டும் என்பது ஐரோப்பாவில் லாரிகளுக்கான விதி. 50 கிலோ பீரோ என்றால் 40 கிலோ. மேலிருந்து அமுக்கும் கட்டு மட்டும் இதைத் தடுக்காது. முன்கட்டு வேண்டும். சாமானுக்கு அடியில் பழைய ரப்பர் விரிப்பு ஒன்று போட்டால் சறுக்கல் பெரிதும் குறையும்.

மேலே போகும் பெல்ட் கூடியவரை செங்குத்தாக இறங்கட்டும். படுக்கையாக 30 டிகிரியில் இறங்கினால் அதன் அழுத்தம் பாதியாகிவிடும். பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் காற்றில் 'ம்ம்ம்' என்று அதிர்ந்து கத்தாது. அதிர்ச்சி குறைந்தால் தளர்ச்சியும் குறையும்.

காருக்கு மேல் ஏற்றுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல சிறு கார்களின் கூரை தாங்குவது 50 முதல் 75 கிலோ வரைதான். வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும். நீட்டிக்கொண்டு போவதும் ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ம் வருஷத் திருத்தப்படி, பாரம் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ நீட்டினாலும், அனுமதித்த உயரத்தைத் தாண்டினாலும் அபராதம் 20,000 ரூபாய். இறக்கும் கூலியும் நம் தலையில்தான்.

கட்டிப் பிழைத்த கரை

கட்டு என்பது நமக்குப் புதிதல்ல. கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் இறங்கியவர்கள் நாம். கட்டுமரம் என்ற பெயரே அதற்குச் சாட்சி.

2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது திருவனந்தபுரம் கரையோர மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லாரிகளில் ஏற்றிக் கட்டி, ராத்திரியோடு ராத்திரியாகச் செங்கன்னூர்ப் பக்கம் ஓடினார்கள். கேரளம் முழுவதும் 669 வள்ளங்கள் இறங்கி 65,000-க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றியதாக அரசுக் கணக்கு. அந்த வள்ளங்கள் தண்ணீரைத் தொடுமுன் ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தது. கட்டு தளர்ந்திருந்தால் அவை போய்ச் சேர்ந்திருக்காது.

பத்துக் கிலோமீட்டரில் ஒரு நிறுத்தம்

போனக்காட்டில் அண்ணாச்சி கட்டி முடித்தார். கட்டிலுக்கு ராட்செட், கதவுக்குக் கேம் பக்கிள், முன்னும் பின்னும் ஒவ்வொரு கட்டு. பிறகு கட்டிலைப் பிடித்து பலமாக ஆட்டினார். ஜீப்பே ஆடியது, கட்டில் ஆடவில்லை. "இப்படித்தான் பாக்கணும். சாமானும் வண்டியும் ஒண்ணா ஆடணும்" என்றார்.

வீட்டுக்காரப் பாட்டி மட்டும் ஒரு தகரப் பெட்டியை மேலே ஏற்ற விடவில்லை. தோட்டத்தில் வேலை செய்த காலத்துச் சம்பளச் சீட்டுகளும் சர்வீஸ் காகிதங்களும் அதில். பாக்கிப் பணம் என்றைக்காவது வந்தால் அதைக் காட்டித்தான் வாங்க வேண்டும். "மேல இருக்கறது போனா வாங்கிக்கலாம் தம்பி. இது போனா நான் இங்க வேலை செஞ்சதுக்கே சாட்சி இல்ல" என்றார். மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தார். ஊர் மாறுகிற ஒவ்வொருவரும் பின்பற்ற வேண்டிய வழி இது. ரேஷன் கார்டு, படிப்புச் சான்றிதழ், பி.எஃப். காகிதம் எதையும் கேரியரில் ஏற்றாதீர்கள்.

குழியும் வளைவுமாக இறங்கிக் காணித்தடம் சோதனைச் சாவடி வந்ததும் அண்ணாச்சி யாரும் சொல்லாமலே வண்டியை நிறுத்தி மேலே ஏறினார். ராட்செட் இரண்டு பல் இறங்கியது. கேம் பக்கிளில் ஒரு விரல் நீளம் பட்டை வந்தது. எவ்வளவு நல்ல பெல்ட்டானாலும் முதல் பத்துக் கிலோமீட்டரில் சாமான் அமர்ந்து கொடுக்கும், கட்டு அந்த அளவுக்குத் தளரும். அதை எடுத்துவிட்டால் பிறகு பயமில்லை.

அன்று பாறசாலை தாண்டி மழை பிடித்தபோது நானும் ஒரு நிமிஷம் வேனை நிறுத்தி மேலே பார்த்திருக்கலாம்.