கப்பலோட்டிய தமிழனுக்குக் கிடைத்த பதக்கம்

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த நாட்களில், வியாபாரிகள் முத்துக்களை முதலில் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலிப்பார்கள். பருமன் அதில் தெரிந்துவிடும். ஆனால் விலை அதோடு தீர்ந்துவிடாது. உருண்டையா, கோணலா, நிறம் என்ன, ஒளி எப்படி என்று தேர்ந்த கண் ஒன்று பார்த்தாக வேண்டும். சினிமாவுக்கும் இவ்வாறே இரண்டு பரீட்சைகள் உண்டு. டிக்கெட் வசூல் சல்லடையைப் போன்றது. விஷயம் அறிந்தவர்கள் கூடி வருஷந்தோறும் அளிக்கும் பரிசு அந்தத் தேர்ந்த கண்ணைப் போன்றது.

நம் நாட்டுப் படங்களுக்கென்று இத்தகைய பரிசை மத்திய அரசாங்கம் 1954-ஆம் வருஷம் ஏற்படுத்தியது. நடுவர் குழு ஒன்று படங்களைப் பார்த்துத் தீர்ப்புக் கூறும். அகில இந்தியாவிலும் சிறந்த படத்துக்கு ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் கிடைத்தது. பின்னர் பிராந்திய பாஷைப் படங்களுக்கு வெள்ளிப் பதக்கமும் வழங்கலாயிற்று. 1954-இல் வெளிவந்த 'மலைக்கள்ளன்' அப்பெருமையைப் பெற்றது. இன்று சர்வதேசத் திரைப்பட விமர்சகர் சம்மேளனத்தின் இந்தியக் கிளையும் ஆண்டுதோறும் சிறந்த இந்தியப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வருகிறது.

இப்பரிசுகளால் என்ன பிரயோஜனம் என்று கேட்பவர்களுக்கு, 1961-ஆம் வருஷத்தை நினைவூட்ட விரும்புகிறோம். அவ்வருஷந்தான் தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது. அதே வருஷம் இத்துறைமுகத்தின் கதையே வெள்ளித்திரையில் தோன்றியது. ம. பொ. சிவஞானம் எழுதிய நூலை ஆதாரமாகக் கொண்டு, பி. ஆர். பந்துலு 'கப்பலோட்டிய தமிழன்' படத்தை எடுத்தார். சிதம்பரம் பிள்ளையாகச் சிவாஜி கணேசனும், சுப்பிரமணிய சிவாவாக டி. கே. சண்முகமும், பாரதியாராக எஸ். வி. சுப்பையாவும் நடித்தார்கள். படம் கொட்டகைகளில் நஷ்டம் அடைந்தது. அதே வருஷம் சிவாஜி நடித்து வெளிவந்த 'பாசமலர்' படத்துக்கோ ஜனங்கள் திரள் திரளாகச் சென்றார்கள்.

நடுவர்கள் என்ன செய்தார்கள்? 'கப்பலோட்டிய தமிழ'னையே அவ்வருஷத்தின் சிறந்த தமிழ்ப் படம் என்றார்கள். 'பாசமல'ருக்கு இரண்டாம் இடத்து நற்சான்றிதழ் வழங்கினார்கள்.

இதைப் படிக்கையில் பிள்ளையவர்களின் கப்பலே நம் மனக்கண்முன் வருகிறது. 1906-இல் அவர் தொடங்கிய சுதேசிக் கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று இருபத்தைந்து ரூபாய். கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் ஓடியதும், வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிச் சென்று, குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1908-இல் பிள்ளையவர்கள் சிறை புகுந்தார், கம்பெனியும் நிலைக்கவில்லை. அந்தக் கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்து அவரை மதிப்பிடத் துணிபவர் நம்மில் யார்?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுதேசி என்ற முத்திரைக்காகவோ, தேசபக்திக் கதை என்பதற்காகவோ பரிசு கொடுப்பது தர்மம் செய்வதாகுமே தவிரத் தீர்ப்பாகாது. கோணல் முத்தை நம் கடலில் விளைந்தது என்பதற்காக ஆணிமுத்து என்று சொல்லலாமா? தாட்சண்யம் புகுந்த பரிசுக்கு ஜனங்களிடம் மதிப்பு இராது. கசப்பானாலும் குறையைக் குறையென்று சொல்லும் விமர்சகரின் பாராட்டே நம்பத்தக்கது.

நல்ல பரிசுகூடப் பட முதலாளியின் கடனை அடைப்பதில்லை. அந்தப் பொறுப்பு நம்மைப் போன்ற குடும்பங்களுடையது. பரிசு பெற்ற படத்தின் பெயரைப் பத்திரிகையில் படித்து மகிழ்ந்துவிட்டு, மாலையில் வேறு படத்துக்குச் செல்வது நம் வழக்கமாயிருக்கிறது. சுதேசிக் கப்பலை வாயார வாழ்த்திவிட்டு, குடைக்காக அடுத்த கப்பலில் ஏறியவர்களைக் குறை கூற நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அடுத்த முறை அத்தகைய படம் நம் ஊருக்கு வரும்போது, குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு முதல் வாரமே போவோமாக.